ஸ்டாஃபா தீவின் கடற்குகை: அப்பாவோடு போய் வந்தோம், போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள்

செம்பூர்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன ஜூன் மாதம் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் ஸ்டாஃபா தீவுக்குப் போய் வந்தோம். நான், என் கணவர், 74 வயதான என் அப்பா. மகள் கிளாஸ்கோவில் படிக்கிறாள், அவளைப் பார்க்கத்தான் பயணம். ஆனால் இந்தத் தீவு அப்பாவின் பல வருட ஆசை.

1970களில் அப்பா மும்பையின் அந்தேரி மேற்கில், காவ்தேவி டோங்கரிப் பக்கம், நான்கு பேரோடு ஒரே அறையில் தங்கியிருந்தார். ஜன்னலைத் திறந்தால் கில்பர்ட் ஹில். தூண்களைக் கட்டி நிறுத்திய மாதிரி நிற்கும் அந்தக் கறுப்புப் பாறையைத் தினமும் பார்த்தே வேலைக்குப் போனவர். ஒருநாள் பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஏதோ ஒரு பத்திரிகையில் ஸ்டாஃபாவின் படத்தைப் பார்த்திருக்கிறார். "நம்ம மலை மாதிரியே இருக்கே, கடலுக்குள்ள நிக்குதே" என்று கத்தரித்து வைத்துக்கொண்டார். அந்தத் துண்டு இன்னும் வீட்டில் இருக்கிறது.

வழி இப்படி: கிளாஸ்கோவிலிருந்து ஓபன் ஊருக்கு ரயில், மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். ஓபனிலிருந்து மல் தீவின் கிரெய்க்னூருக்குக் கப்பல், முக்கால் மணி நேரம். அங்கிருந்து பஸ்ஸில் தீவின் மறுகோடியான ஃபியனஃபோர்ட். ஒற்றைத் தடச் சாலை, எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நின்றுதான் போக வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஸ்டாஃபாவுக்கான சிறு படகுகள் ஃபியனஃபோர்ட்டிலிருந்தும் எதிரே இருக்கும் அயோனா தீவிலிருந்தும் கிளம்புகின்றன. ஏறத்தாழ ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் ஓடும்.

முதல் நாள் எங்களால் இறங்க முடியவில்லை. நல்ல வெயில், காற்றும் அதிகமில்லை. படகோட்டி தீவை ஒட்டிப் போய், படித்துறைக்கு எதிரே நிறுத்தி, நான்கைந்து அலைகள் வந்து போவதைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டார். குகை வாய்க்கு எதிரே சற்று நேரம் படகை நிறுத்திக் காட்டிவிட்டுத் திருப்பிவிட்டார். படகில் இருந்த எல்லோருக்கும் முகம் வாடிவிட்டது. நாங்கள் ஃபியனஃபோர்ட்டில் இரண்டு இரவு தங்க ஏற்பாடு செய்திருந்ததால் மறுநாளும் போக முடிந்தது. போகிறவர்கள் எல்லோரும் தயவுசெய்து இப்படியே செய்யுங்கள்: ஒரு நாளை மட்டும் நம்பி அவ்வளவு தூரம் போகாதீர்கள்.

மறுநாள் இறங்கினோம். படித்துறையிலிருந்து குகை வரைக்கும் பாதை என்று தனியாக எதுவும் போடவில்லை. ஒடிந்த கல்தூண்களின் தலைகள்தான் படிகள். ஐந்து பக்கம், ஆறு பக்கம், சில இடத்தில் ஏழு பக்கம். கையில் பிடித்துக்கொள்ளப் பாறையில் கம்பி அடித்திருக்கிறார்கள். வழியில் வளைந்த தூண்கள் தெரிகின்றன, கவிழ்த்துப் போட்ட தோணியின் விலாக் கட்டைகள் மாதிரி. நேராகத்தான் நிற்கும் என்று நினைத்த கல் அப்படி வளைந்திருப்பதைப் பார்த்து அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

குகை ஏறத்தாழ 70 மீட்டர் உள்ளே போகிறது, வாயில் வளைவு 20 மீட்டர் உயரம். தரை கிடையாது, தரை இருக்க வேண்டிய இடத்தில் கடல். வலப்பக்கச் சுவரை ஒட்டிய தூண் தலைகள் மேல் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். கறுப்புத் தூண்களில் நீர்மட்டத்துக்கு மேலே மஞ்சளும் பச்சையும் துருச் சிவப்பும் படிந்திருக்கின்றன. தண்ணீர் அடர்ந்த பச்சை.

சத்தத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று இவ்வளவு நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அலை நம்மைத் தாண்டி உள்ளே போகும்போது ஓசையே இல்லை. கடைக்கோடியில் முட்டிய பிறகுதான் வருகிறது, காதுக்கு முன்னால் வயிற்றில் கேட்கிறது. கோயிலில் பெரிய மணியை அடித்து முடித்த பின் தூணில் கை வைத்தால் ஒரு அதிர்வு இருக்குமே, அது. அப்புறம் அலை பின்வாங்கும்போது தூண்களின் இடுக்குகளிலிருந்து நீர் ஒழுகும் சின்னச் சின்ன ஓசைகள். அது அடங்குவதற்குள் அடுத்தது. அந்த ஊர்க் கெய்லிக் மொழியில் இதற்கு இசைக்குகை என்ற பொருளில் பெயர் இருக்கிறது. உள்ளே நின்று திரும்பிப் பார்த்தால் வாயில் வளைவுக்குள் அயோனா தீவு தொலைவில் தெரிகிறது. நான் அழுதுவிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்பாவுக்கு முழங்கால் வலி. அவர் படித்துறைக்குப் பக்கத்தில் ஒரு தூண் தலையில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வர முடியவில்லையே என்று நான் வருந்தியதற்கு, "நீங்க உள்ளே போய்ப் பார்த்தீங்க, நான் படகிலிருந்து முழுசாப் பார்த்தேன்" என்றார். அது சரிதான். தூண்கள், மேலே சிதறிய கூரைப் பாறை, கீழே அடித்தளம் என்று மூன்று அடுக்கும் ஒன்றாகத் தெரிவது கடலிலிருந்து பார்க்கும்போதுதான்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

தானேக்காரி எழுதியது:

அக்கா, படிக்கும்போதே அங்கே நிற்பது போல இருந்தது. இரண்டு சந்தேகம். தூண்கள் எப்படி எல்லாமே ஆறு பக்கமாக அமைகின்றன? என் பெண்ணுக்கு 9 வயது, கேட்டுத் துளைக்கிறாள். இன்னொன்று, குழந்தையைக் கூட்டிக்கொண்டு குகைக்குள் போகலாமா?

பாறைவாசகன் எழுதியது:

கல்லூரியில் புவியியல் சொல்லிக்கொடுப்பவன், முலுண்டில் இருக்கிறேன். முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

கோடையில் வற்றிய ஏரியைப் பார்த்திருப்பீர்கள். வண்டல் காய்ந்து சுருங்கும்போது பாளம் பாளமாக வெடிக்கும். எரிமலைக் குழம்பும் அப்படித்தான். கெட்டியாகிக் குளிரும்போது சுருங்குகிறது, எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இழுபடுகிறது. அந்த இழுவையைக் குறைந்த விரிசலில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றால், மூன்று விரிசல்கள் ஒரு புள்ளியில் ஏறத்தாழ 120 பாகையில் சந்திப்பதுதான் சிக்கனமான வழி. அப்படிச் சந்தித்துக்கொண்டே போனால் அறுகோணம் வரும். குழம்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதில்லை, அதனால் ஐந்தும் ஏழும் கலந்திருக்கின்றன.

ஏரி மண்ணில் விரிசல் ஒரு சாணோடு நின்றுவிடும். குழம்பு மேலிருந்தும் கீழிருந்தும் உள்நோக்கிக் குளிர்வதால், விரிசலும் குளிர்ச்சியைத் தொடர்ந்து உள்ளே இறங்கிக்கொண்டே போகிறது. அது இறங்கிய தடம்தான் தூண். குளிரும் பரப்புக்குச் செங்குத்தாகத்தான் விரிசல் போகும். பரப்பு சாய்ந்தோ வளைந்தோ இருந்தால் தூணும் வளையும். செம்பூர் அம்மா பார்த்த தோணி விலாவுக்குக் காரணம் அதுதான். மேலே சிதறிய மாதிரி இருக்கும் அடுக்கு வேகமாகவும் தாறுமாறாகவும் குளிர்ந்த பகுதி. அடியில் இருப்பது எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை.

குகை எப்படி வந்தது என்று உங்கள் பெண் அடுத்துக் கேட்பாள். அலை வெறும் தண்ணீராக மோதுவதில்லை. விரிசலுக்குள் இருக்கும் காற்றை அடைத்து அழுத்துகிறது, பின்வாங்கும்போது அந்த அழுத்தத்தைச் சட்டென்று விடுகிறது. இது ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை நடக்கிறது. தூண்களுக்கு நடுவில் ஏற்கெனவே வெடிப்புகள் இருப்பதால் ஒவ்வொரு தூணாகக் கழன்று விழுகிறது. அடிக்கல்லை உருவிவிட்டால் மேல்கல் தானாக விழும் அல்லவா, அப்படி.

அப்பா சொன்ன ஒற்றுமைக்கு வருகிறேன். எனக்கு இந்த இழையில் மிகவும் பிடித்தது அதுதான். கில்பர்ட் ஹில்லும் ஸ்டாஃபாவும் ஒரே வகைக் கல், பசால்ட். கில்பர்ட் ஹில் ஏறத்தாழ 60 மீட்டர் உயரம், வயது 6 கோடி ஆண்டுக்கு மேல். ஸ்டாஃபாவுக்கு ஐந்தரை முதல் 6 கோடி ஆண்டு. பூமியின் வயதோடு ஒப்பிட்டால் இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தலைமுறை. இங்கே தக்காணம் முழுக்க எரிமலைக் குழம்பு பரவியது, இன்றும் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் அளவில் மிஞ்சியிருக்கிறது. அதற்குச் சற்றுப் பின்னால் அங்கே வட அட்லாண்டிக் கடல் பிளந்து திறந்தபோது குழம்பு வந்தது. இவ்வளவு தூரத்தில் இருந்தாலும் தூணாக நின்றது ஒரே விதியால். தமிழ்நாட்டில் கருங்கல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் வேறு கல், அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பம்பாய்க் கறுப்புக் கல்தான் இதன் சொந்தம்.

சயான்_ரவி எழுதியது:

நாங்களும் இரண்டு வருடம் முன்னால் போனோம். எங்கள் படகு இறக்கவே இல்லை. அன்றும் வெயில்தான், வானத்தில் மேகமே இல்லை. அடுத்த நாள் லண்டனுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. குடும்பத்தோடு அவ்வளவு செலவு செய்து வந்தவர்களுக்காக அவர் இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம். படித்துறை கண்ணெதிரே 10 அடி தூரத்தில் இருந்தது.

முட்டத்துக்காரன் எழுதியது:

ரவி சார், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தப் படகோட்டி செய்தது சரி என்று நான் முழு மனதோடு சொல்கிறேன். நான் கன்னியாகுமரி மாவட்டம் முட்டம். அப்பாவும் தாத்தாவும் கடலுக்குப் போனவர்கள், நான் மும்பைத் துறைமுகத்தில் வேலை பார்க்கிறேன்.

வெயில் அடிக்கிறது, காற்று இல்லை, அதனால் கடல் சாது என்பது கரையில் இருப்பவர்களின் கணக்கு. அலை இரண்டு விதம். இங்கே அடிக்கும் காற்றில் எழும் அலை ஒன்று. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் புயல் அடித்து, அதில் எழுந்த அலை பல நாள் ஓடி நம் கரைக்கு வருவது இன்னொன்று. இரண்டாவது வரும்போது வானம் தெளிவாகவே இருக்கும். எங்கள் பக்கமும் கேரளத்திலும் இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். சொல்லாமல் கொள்ளாமல் திருடன் மாதிரி வரும். தென்கோடிப் பெருங்கடலில் புறப்பட்டு இங்கே வந்து ஊருக்குள் ஏறும். 2024 மே மாதம் எங்கள் மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் போனது அப்படிப்பட்ட ஒரு நாளில். கடல் சீற்ற எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் சும்மா கால் நனைக்க இறங்கியவர்கள். அந்த வாரம் முழுக்க எனக்குத் தூக்கம் வரவில்லை.

படித்துறை 10 அடியில் இருந்தது என்கிறீர்கள். அந்த 10 அடிதான் ஆபத்து. அலை வரும்போது படகு ஒரு ஆள் உயரம் ஏறும், அடுத்த நொடி இறங்கும். படித்துறை அசையாது. ஒரு கால் படகிலும் ஒரு கால் கல்லிலும் இருக்கும் நேரத்தில் படகு நகர்ந்தால் கால் நடுவில் மாட்டும். இறக்குவதைவிட ஏற்றுவது இன்னும் கஷ்டம். உங்களை இறக்கிவிட்டு ஒரு மணி நேரத்தில் கடல் கூடிவிட்டால் திரும்ப எடுப்பது எப்படி என்று அவர் யோசித்திருப்பார். நாலைந்து அலையை நின்று பார்த்தார் என்று அக்கா எழுதியிருக்கிறாரே, அந்த வரியைப் படித்ததுமே அந்த ஆள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. பெரிய அலைகள் கூட்டமாக வரும், நடுவில் அமைதி இருக்கும். அவசரக்காரன் அமைதியைப் பார்த்து ஆளை இறக்குவான். தெரிந்தவன் அடுத்த கூட்டத்துக்காகக் காத்திருப்பான்.

அந்தக் குகை தெற்கு பார்த்தது என்று நினைக்கிறேன். அப்படி என்றால் தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும் அலை நேரே உள்ளே போகும். உள்ளே நடக்கும்போது கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். கல்லில் எதுவரை ஈரம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள், கடைசியாக வந்த பெரிய அலை அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். பாந்திரா பேண்ட்ஸ்டாண்ட் பாறைகளில் மழைக்காலத்தில் செல்ஃபி எடுக்கப் போகிறவர்களிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருமுறை நான் கண்ணால் பார்த்தேன், காய்ந்த பாறையில் உட்கார்ந்திருந்த ஒரு பையனை. அவனை நாங்கள் மூன்று பேர் கையைக் கோத்து இழுத்தோம். கிடைத்துவிட்டான். எல்லோரும் கிடைப்பதில்லை.

சயான்_ரவி எழுதியது:

அண்ணா, திரும்ப எடுப்பதைப் பற்றி நான் இதுவரை யோசிக்கவே இல்லை. அன்று என் பையனுக்கு 6 வயது. சரி, வருத்தத்தை விட்டுவிடுகிறேன். மறுபடி போனால் இரண்டு நாள் வைத்துக்கொண்டு போகிறேன்.

செம்பூர்வாசி எழுதியது:

முட்டத்துத் தம்பி எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "அதான், அதான்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தானேக்காரிக்கு: 9 வயதுப் பிள்ளைகளை நான் அங்கே பார்த்தேன். கையை விடாமல் பிடித்துக்கொண்டு போகலாம், ஆனால் ஓடுகிற பிள்ளையாக இருந்தால் உங்களுக்கு நிம்மதி இருக்காது. நல்ல பிடிமானம் உள்ள ஷூ அவசியம். ஈரமான கறுப்புக் கல்லில் பாசி கண்ணுக்கே தெரியாது. ஒரு அம்மாள் செருப்போடு வந்து பாதியில் திரும்பிவிட்டார். கல் விழுவதாலோ கம்பி பழுதாவதாலோ குகைப் பாதையை மூடிவிடுவதும் உண்டு. தீவு 1986 முதல் ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் வசம் இருக்கிறது, அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னொரு விஷயத்தை முதல் பதிவில் விட்டுவிட்டேன். தீவின் மேல்பகுதி. படித்துறையிலிருந்து செங்குத்தான படிகள் ஏறினால் புல்வெளி, அங்கே பஃபின் பறவைகள். ஆரஞ்சு மூக்கும் ஆரஞ்சு காலுமாக, உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம் போல இருக்கும். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை குஞ்சு பொரிக்கத் தீவுக்கு வருகின்றன, மற்ற மாதங்களில் கடலிலேயே இருக்குமாம். நாங்கள் சத்தமில்லாமல் உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக வந்து மூன்று நான்கு அடி தூரத்தில் இறங்கின. பக்கத்தில் மனிதர்கள் இருந்தால் கொள்ளையடிக்கும் பெரிய பறவைகள் வராது, அந்தத் தைரியம் என்று படகோட்டி சொன்னார்.

ஆனால் செங்குத்துப் பாறையின் விளிம்புக்குப் போகவே கூடாது. பஃபின் புல்லுக்கு அடியில் வளை தோண்டித்தான் கூடு வைக்கிறது. மேலே பார்த்தால் பசும்புல், அடியில் வெற்றிடமாக இருக்கலாம். நாம் மிதித்தால் வளையும் இடியும், நாமும் இடறுவோம். விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி உட்காருங்கள், பறவை உங்களிடம் வரும்.

டோம்பிவலி_ஆனந்தி எழுதியது:

என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விசா, விமானம், தங்குமிடம் என்று எல்லோராலும் ஸ்காட்லாந்து போக முடியாது. உடுப்பிக்குப் பக்கத்தில் மால்பே கரையிலிருந்து படகில் போனால் செயின்ட் மேரிஸ் தீவுகள். அங்கேயும் இதே மாதிரித் தூண் பாறைகள். குர்லா டெர்மினசில் மத்ஸ்யகந்தா ரயில் ஏறினால் கொங்கண் வழியாக நேரே உடுப்பி. நான் மூன்று முறை போயிருக்கிறேன். குகை கிடையாது, இவ்வளவு உயரமான பாறைச் சுவரும் கிடையாது, ஆனால் மாலை வெயிலில் அந்தத் தூண்கள் நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இருப்பதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் வெளியே போகலாமே என்பது என் எண்ணம்.

பாறைவாசகன் எழுதியது:

ஆனந்தி சொல்வதில் பாதியை ஏற்கிறேன். செயின்ட் மேரிஸைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்த இடம். ஆனால் அது வேறு கதை. அங்கே இருப்பது பசால்ட் அல்ல, அதைவிடச் சிலிக்கா மிகுந்த ரயோலைட் வகை. அதனால்தான் நிறம் வெளிறியிருக்கிறது, மாலை வெயிலில் மாறுகிறது. வயதும் மூத்தது, எட்டரைக் கோடி ஆண்டுக்கு மேல். மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்தில் வந்த குழம்பு. கில்பர்ட் ஹில் பிறக்கும்போது செயின்ட் மேரிஸுக்கு இரண்டு கோடி வயது ஆகியிருந்தது. ஒன்றைப் பார்த்துவிட்டால் மற்றது வேண்டாம் என்று சொல்லும்படியான உறவு இல்லை.

மழை தொடங்கினால் மால்பேயில் படகை நிறுத்திவிடுவார்கள், செப்டம்பர் கழிந்துதான் மறுபடி ஓடும். அங்கேயும் பாறைகளுக்கு நடுவில் குளிக்க இறங்காதீர்கள்.

தானேக்காரி எழுதியது:

உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பெண்ணைக் கூட்டிக்கொண்டு கில்பர்ட் ஹில் போனேன். 15 வருடமாக மும்பையில் இருக்கிறேன், அந்தேரி ஸ்டேஷனில் நூறு முறை இறங்கியிருக்கிறேன், இது இருப்பதே தெரியாது. சுற்றிலும் கட்டிடங்கள் நெருக்கிவிட்டன. சந்துக்குள் திரும்பியதும் திடீரென்று சுவர் மாதிரி நிற்கிறது. பெண் அண்ணாந்து பார்த்து, "அம்மா, இதுல தண்ணி வந்து மோதினா இதுவும் குகை ஆகிடுமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

படியேறி மேலே காவ்தேவி கோயிலில் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். 2007இல் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அப்படியும் அடிவாரத்தில் குப்பை கொட்டியிருக்கிறது, பாறையை ஒட்டியே கட்டியிருக்கிறார்கள். உலகத்தில் எங்கெங்கோ இருந்து கப்பலும் படகும் மாறிப் போய்ப் பார்க்கும் கல்லின் சொந்தக்காரன் நம் தெருவில் இப்படி நிற்கிறான் என்று மனசு வலித்தது.

பாறைவாசகன் எழுதியது:

உங்கள் பெண்ணிடம் சொல்லுங்கள்: ஆகும். பலவீனமான இடுக்கு ஒன்று இருந்து, கடல் ஆயிரக்கணக்கான ஆண்டு விடாமல் மோதினால் ஆகும். நல்ல கேள்வி. என் வகுப்பில் இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

செம்பூர்வாசி எழுதியது:

இதைப் படித்துவிட்டு அப்பாவை நேற்று அந்தேரிக்குக் கூட்டிப்போனேன். படியேற முடியாது என்பதால் அடிவாரத்திலேயே ஆட்டோவை நிறுத்தினோம். அவர் தங்கியிருந்த சாளி, அந்த ஒற்றை அறை வீடுகளின் வரிசை, இப்போது இல்லை, அந்த இடத்தில் ஏழு மாடி நிற்கிறது. ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று கையால் காட்டினார். அந்தப் பத்திரிகைத் துண்டைச் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார், எனக்குச் சொல்லவில்லை. அதை விரித்துப் பாறைக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் ஆட்டோக்காரரிடமும் காட்டினார். அவர் ஜோகேஸ்வரிக்காரர், மராட்டியில் நிறையக் கேட்டார், அப்பாவும் விடாமல் பதில் சொன்னார்.

டிசம்பர் கடைசி வாரம் மத்ஸ்யகந்தாவில் மூன்று டிக்கெட் போட்டிருக்கிறோம், உடுப்பிக்கு. ஆனந்தி, மால்பேயில் காலையில் முதல் படகு எத்தனை மணிக்கு, இறங்கும் இடத்தில் படி இருக்கிறதா, இல்லை தண்ணீரில்தான் இறங்க வேண்டுமா? அப்பா முழங்காலுக்காகக் கேட்கிறேன்.